ஆர்முடுகலும் அம்மாவும்

கலைப்பீடத்திற் புவியியல் பயிலும் நான் மின்சுற்றொன்றைக் கையிலெடுக்க நேர்ந்தமைக்கு அம்மாவின் முதுகுவலியே காரணம். வன்னியிலுள்ள எமது கிராமத்திலிருந்து மாதந்தோறும் ஓட்டோவிற் கிளினிக்கிற்குச் சென்றுவரும் அவர், நோயினும் வீதியே கொடியது என்பார். குழிகளில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பிப் போகின்றது என்பார். எனது ஆய்வுக் கட்டுரையும் கிராமிய வீதிகள் பற்றியதே. அக்குலுக்கத்தை அளந்தால் என்ன என்று தோன்றியது.

பொறியியற்பீட நண்பனொருவன் ஏ.டி.எக்ஸ்.எல். 335 எனும் ஆர்முடுகல்மானியை ஆர்டுயினோ ஊனோ பலகையுடன் இணைத்துக் காட்டினான். மானியினுள்ளே நுண்ணிய சிலிக்கன் திணிவொன்று விற்களில் தொங்குகின்றது. அது அசையக் கொள்ளளவம் மாறி, மூன்று அச்சுகளுக்கும் மூன்று வோல்ற்றளவுகள் வெளிவருகின்றன. பலகை அவற்றை 0 முதல் 1023 வரையான எண்களாக்குகின்றது. ஈர்ப்பு ஆர்முடுகலாகிய ஒரு ஜீ, ஏறத்தாழ 102 எண்கள்.

மேசைமீது அசையாது கிடந்த மானி நிலைக்குத்தாக ஒரு ஜீ காட்டியது. சும்மா கிடக்கும் பொருளுக்கு ஆர்முடுகல் ஏது? மேசை தன்னைத் தாங்குவதையே அது உணர்கின்றது, தடையின்றி விழும்போதுதான் சுழியைக் காட்டும் என்றான் நண்பன். (விழவிட்டுப் பார்க்க அவன் இசையவில்லை.)

விடுமுறையில் யாவற்றையும் நானே இணைத்தேன். நிரலையும் நானே எழுதினேன். 3.3 வோல்ற்று, புவித்தொடுப்பு, அச்சுக்கொன்றாக மூன்று: கம்பிகள் ஐந்து. மானியை ஓட்டோவின் தரையில் இறுக ஒட்டி, அம்மாவுடன் சென்றேன். வண்டி நிற்கையில் வந்த எண் நண்பனுடைய எண்ணன்று. அதனைக் கழித்துவிட்டாற் போதுமென எண்ணினேன். மிகப் பெரிய குழியில் தரை கீழே இறங்கியது 0.8 ஜீயில்.

"அம்மா, இருக்கையை விட்டு எழும்ப ஒன்றுக்கு மேல் வேணும். நீங்கள் சொல்லுற அளவுக்கு இல்லை," என்றேன். அவர் மறுமொழி கூறாது அடுப்படிக்குச் சென்றார்.

விடுதிக்கு மீண்டபின்னரே மானியைக் கவிழ்த்துப் பார்க்கும் எண்ணம் எழுந்தது. நிமிர்ந்தால் +1, கவிழ்ந்தால் -1; இடையே 204 எண்கள் இருத்தல் வேண்டும். இருந்தவையோ 135. மும்முறை செய்தும் அதுவே.

ஊனோ, வேறு கூறாவிடின், 5 வோல்ற்றையே 1023 எனக் கொள்ளும். மானி இயங்குவதோ 3.3இல். அந்த 3.3ஐ ஏரெஃப் எனும் முனைக்கும் கொடுத்து, அதனையே ஒப்பீடாகக் கொள்ளுமாறு நிரலில் ஒரு வரி எழுதியிருத்தல் வேண்டும். ஆறாவது கம்பி நண்பனுடைய பலகையில் இருந்தது, நான் கவனிக்கவில்லை. அதனால் வீதியின் குலுக்கத்தில் மூன்றிலொரு பங்கை நான் விழுங்கிவிட்டேன். 0.8 உண்மையில் 1.2.

அஃதாவது, அக்குழியில் ஓட்டோவின் தரை, விழும் கல்லினும் விரைவாகக் கீழே போயிருக்கின்றது. அம்மாவை அக்கணத்தில் எதுவும் தாங்கவில்லை.

அன்றிரவே தொலைபேசியிற் கூறினேன். "நான் சொன்னனான்தானே," என்றவர், சாப்பிட்டாயோ என்று கேட்டார். கட்டுரையிலிருந்து பழைய எண்களை நீக்கிவிட்டேன். அடுத்த கிளினிக் நாளில், ஆறு கம்பிகளுடன், மீண்டும் அந்த ஓட்டோவில் ஏறவிருக்கின்றேன்.