மெருகும் வடுவும்

துலக்குதல் நம் இல்லங்களில் பழகிய தொழில். வெள்ளிக்கிழமைக்கு முன்பாகக் குத்துவிளக்கையும் பித்தளைச் செம்பையும் புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்யும் வழக்கம், ராஜஸ்தானத்துக்குக் குடிவந்த பின்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ஆனால் பித்தளைக்கு மேல்தோல் என்று தனியே ஒன்று கிடையாது; எத்தனை முறை தேய்த்தாலும் உள்ளிருந்து பித்தளையே வரும். மோட்டார் வண்டியின் நிலை வேறு. அதன் அழகு முழுவதும் மெல்லிய பூச்சு ஒன்றில் அடங்கியிருக்கிறது. அந்தப் பூச்சை முதன்முறையாக வீட்டிலேயே மெருகிட முனைந்தபோது நான் கண்டவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்கள் வண்டி 2013-இல் வாங்கிய கருநீல ஆல்டோ. ஜெய்ப்பூர் வெயிலில் கருநீலம் நிலைப்பது எளிதன்று. மே, ஜூன் மாதங்களில் 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் வீசி ஓய்ந்தால், வண்டியின் மேல் மணல் மாவு போலப் படிந்திருக்கும். அந்த மணலில் பெரும்பகுதி படிகக்கல்லின் துகள், கண்ணாடியையே கீறவல்லது. அதை உலர்ந்த துணியால் நாள்தோறும் தட்டித் துடைப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். இத்துடன் ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்து விட்டுச்செல்லும் வெள்ளை வளையங்களும், ஊரெங்கும் தானியம் உண்டு கொழுக்கும் புறாக்களின் எச்சமும் சேர்ந்துகொள்ளும். எச்சத்தின் அமிலம் வெயிலில் பூச்சை அரித்துக் குழியாக்கிவிடும்.

இவ்வாறு நேர்ந்த கீறல்கள் நிழலில் தென்படுவதில்லை. வெயிலில் நின்று நோக்கினால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போன்ற சுழிகள் தெரியும். அவை சுழிகளே அல்ல என்பதுதான் வியப்பு. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன; ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தோன்றுகின்றன.

இரும்புத் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, பின்னர் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சு என்று அடுக்கடுக்காக அமைந்ததே வண்டியின் வண்ணம். அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தெளிபூச்சு மட்டும் பெரும்பாலும் 40 அல்லது 50 மைக்ரான்தான். நம் தலைமயிரின் கனம்கூட அதற்கு இல்லை. மெருகிடுதல் கீறலை நிரப்புவதன்று. கீறலைச் சுற்றியுள்ள பூச்சைச் சிறிது தேய்த்துச் சமன் செய்வது. ஆதலால் ஒவ்வொரு முறையும் இருப்பிலிருந்து சிறிது செலவாகிறது. சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

சனிக்கிழமை காலை, குடியிருப்பின் வேப்பமரத்து நிழலில் வேலையைத் தொடங்கினேன். முதலில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கழுவி, ஷாம்புவுக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என இரண்டு வைத்துக் குளிப்பாட்டினேன். பிறகு வழுக்கு நீர் தெளித்து, அதற்கென விற்கும் களிமண் கட்டியை மெதுவாக ஓட்டியபோது, ஒட்டியிருந்த அழுக்கெல்லாம் அதில் ஏறி வந்தது. ரப்பர் விளிம்புகளுக்கும் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் நாடா ஒட்டினேன். மெருகு இயந்திரங்கள் இரு வகை. ஒரே அச்சில் சுழல்வது தேர்ந்தவர் கைக்கு உரியது. ஓரிடத்தில் நின்றுவிட்டால் பூச்சைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். சுழன்றுகொண்டே அசைவது புதியவருக்கு ஏற்றது. அலுவலக நண்பர் ஒருவரிடம் அதனை இரவல் பெற்றிருந்தேன். மிக மென்மையான களிம்பும் மென்மையான பஞ்சும் கொண்டு ஒரு மூலையில் சோதித்து, போதும் எனக் கண்ட பின், இரண்டடிச் சதுரமாக நெடுக்கிலும் குறுக்கிலும் நிதானமாக ஓட்டினேன். துடைத்துப் பார்த்தபோது, பானெட்டின் மேல் வேப்பிலைகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.

பின் இடக்கதவுக்கு வந்தபோது மகள் அருகில் வந்து நின்றாள். 2014-இல், ஏழு வயதில், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து திரும்பியவள் கூழாங்கல்லால் அக்கதவில் 'அ' என்று எழுதியிருந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வண்டி ஓட்டவும் பழகுகிறாள்.

"இதைத்தாம்பா முதல்ல எடுக்கணும். எல்லாரும் என்னன்னு கேக்கறாங்க."

"நகத்தை வெச்சு இழுத்துப் பாரும்மா. தட்டுதா?"

தட்டியது. நகம் தட்டும் கீறலை மெருகு போக்காது; அதன் ஆழம் வரை சுற்றிலும் தேய்த்தால் தெளிபூச்சே எஞ்சாது. எழுத்தின் அடியில் அடிப்பூச்சின் சாம்பல் நிறம் தெரிந்தது. கதவு முழுவதற்கும் புது வண்ணம் அடிப்பதே வழி என்றேன். அவள் சற்று யோசித்தாள்.

"அப்போ சுத்தித் தேய்ச்சா இது இன்னும் எடுப்பாத் தெரியும், இல்லையா?"

"தெரியும்."

"சரி, தெரியறது சுத்தமாவாவது தெரியட்டும்."

மெல்லிய தூரிகையால் எழுத்தின் பள்ளத்திலிருந்த பழைய அழுக்கை அவளே நீக்கினாள். துரு ஏறாதிருக்க, அதன்மேல் தெளிபூச்சை ஒரு கோடாகத் தீட்டினாள். சுழியில் தொடங்கி, வளைந்து, நேர்கோட்டில் முடித்தாள். எழுதும் வரிசையைக் கை மறக்கவில்லை. கைபேசியில் அவள் எனக்கு அனுப்பும் தமிழ், ஆங்கில எழுத்துகளில்தான் வருகிறது. சிறுவயதுக் குறிப்பேடுகளோ இருமுறை வீடு மாறியதில் போய்விட்டன. தமிழ் எழுத்தில் அவள் கையால் எழுதி எங்களிடம் எஞ்சியிருப்பது அக்கதவில் உள்ளது மட்டுமே. வண்ணம் அடிக்கும் பேச்சை நானும் அதன்பின் எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை மெழுகிட்டு முடித்தோம். மறுநாள் காலை குடியிருப்பின் மயில் ஒன்று, கதவில் தெரிந்த தன் உருவத்தைப் பகைவன் என எண்ணிக் கொத்த வந்தது. முருகனின் வாகனத்துக்கும் நம் வாகனத்துக்கும் போர் மூண்டுவிட்டதென்று என் மனைவி நகைத்துக்கொண்டே விரட்டினாள்.

இனி உலர்துணி வண்டியைத் தொடாது. மெழுகு சில திங்கள் காக்கும். கடுமெருகு நெடுநாள் தேவைப்படாது. மெருகு ஏறிய கதவில் அந்த எழுத்து முன்னைவிடத் துலக்கமாகத் தெரிகிறது. சென்ற வாரம் அண்டை வீட்டு ராஜஸ்தானிச் சிறுவன் அது என்னவென்று வினவ, மகள் அவன் விரலைப் பிடித்துச் சுழியிலிருந்து எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள்.