சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டது

நான் எலும்பு மூட்டு டாக்டர். முழங்காலில் ஜவ்வு அறுந்து வந்த பலருக்கு, அவர்கள் எடுக்க வேண்டிய முடிவை நானே எடுத்துவிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கிறேன்.

ஓ.பி.யில் கூட்டம் நெருக்கும். எம்.ஆர்.ஐ. ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, “பாருங்க, ஏ.சி.எல். ஜவ்வு முழுசா அறுந்திருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்” என்பேன். ‘அறுந்திருக்கு’ என்று காதில் விழுந்ததுமே கூட வந்தவர்களின் முகம் வெளுத்துவிடும். “நீங்களே பார்த்துச் செய்யுங்க டாக்டர்” என்பார்கள். பயத்தில் சொன்னதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வந்திருந்தார். வீக்கம் வடிந்து, என் அறைக்கு மாடிப்படி ஏறி நடந்தே வந்தார். நடக்கும்போது மூட்டு நழுவுகிறதா என்று ஜூனியர் டாக்டர் கேட்டு, ‘இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதியும் வைத்திருந்தார். அந்த ஒரு வரியில் நான் நின்றிருக்க வேண்டும். பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அவர் கபடி ஆடுபவரல்ல. ஓடித் திரும்பிக் குதிக்கும் வேலையும் இல்லை. நாள் முழுக்க நிற்க வேண்டும், படியேற வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலை வைத்து அவர் என்ன செய்தாக வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

முதலில் சில மாதம் பிசியோதெரபி செய்து தொடைத் தசையைப் பலப்படுத்தலாம், அதன் பிறகும் மூட்டு நழுவினால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று இன்னொரு வழி இருக்கிறது. அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. ஆபரேஷன் செய்தாலும் அதே பயிற்சியை மாதக்கணக்கில் செய்தாக வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்லவில்லை. பணம் காரணமில்லை என்றால் அது முழு உண்மையாகாது. ஆபரேஷனுக்கு வருமானம் உண்டு. உட்கார்ந்து பேசுவதற்குக் கிடையாது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் பழையபடி நிற்க மாதங்கள் ஆயின, கடை வேலை போய்விட்டது. பிறகொரு நாள் அவர் கேட்டார்: “ஆபரேஷன் இல்லாமலே சரியாகியிருக்குமா சார்?”

“வாய்ப்பே இல்லம்மா” என்றேன்.

தெரிந்தே சொன்ன பொய் அது. ஸ்வீடனில் 121 இளைஞர்களிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வை அதற்கு முன்பே படித்திருந்தேன். உடனே ஆபரேஷன் செய்தவர்களுக்கும், பயிற்சியில் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் செய்தவர்களுக்கும் 2 ஆண்டு கழித்துப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 5 ஆண்டு ஆகியும் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. அந்தப் பெண்ணும் அந்தப் பாதியில் ஒருவராக இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பார்க்கும் வாய்ப்பைக்கூட நான் அவருக்குத் தரவில்லை.

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காயம் பட்டு நாளாகியும் மூட்டு நழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஆபரேஷன்தான் கூடுதல் பலன் தந்தது என்று பிரிட்டனில் 316 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் காட்டியது. மெனிஸ்கஸ் என்ற மூட்டுக் குருத்தெலும்பு கிழிந்து சிக்கி, காலை நீட்ட முடியாமல் மூட்டு பூட்டிக்கொண்டால் தள்ளிப்போடக் கூடாது. விளையாட்டே பிழைப்பாக இருப்பவரின் கணக்கும் வேறு. எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்ததுதான் என் குற்றம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஜவ்வு அறுந்தால், ஃபிலிமைப் பார்த்து உடனே தலையாட்டாதீர்கள். “இப்போதைக்கு ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? முதலில் பயிற்சி செய்து பார்க்கலாமா? எப்போது மறுபடி வந்து காட்ட வேண்டும்?” என்று கேளுங்கள். டாக்டர் அவசரப்பட்டாலும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது எங்கள் வேலை.