உள்ளே வரலாமா?

கண்ணாடியில் உருவம் விழாது, பூண்டைக் கண்டால் ஒதுங்கும், வௌவாலாக மாறிப் பறக்கும். டிராகுலாவைப் பற்றி நாவலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களும் இவ்வளவு சொல்லிவிடுவார்கள். வெயில் பட்டால் சாம்பலாகிவிடும் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயில் கொல்லும் என்பது 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய ஊமைப்படம் கொண்டுவந்த விதி.

ஸ்டோக்கரின் விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த வீட்டைச் சேர்ந்தவர் ஒருவர் 'வா' என்று முதலில் அழைக்காமல் இரத்தக்காட்டேரி வாசற்படி தாண்ட முடியாது. ஒருமுறை அழைத்துவிட்டால் போச்சு, அப்புறம் இஷ்டம்போல வரலாம், போகலாம். பின்னால் வந்த எழுத்தாளர்கள் இந்த விதியை என்ன செய்தார்கள் என்று கவனித்தால், காதலைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது ஓரளவு பிடிபட்டுவிடுகிறது.

மூன்று மாதமாக இந்த மாதிரிப் புத்தகங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் தங்கை. அவள் மகள் பிளஸ் டூ. எந்நேரமும் கிண்டிலும் கையுமாக இருக்கிறாளாம். "அக்கா, உனக்குத்தான் இதெல்லாம் பழக்கம். படிச்சுப் பாத்து, பொண்ணு படிக்கலாமா கூடாதான்னு சொல்லு" என்றாள். பழக்கம் என்று அவள் சொன்னது, கல்லூரி நாட்களில் வாடகை நூலகத்திலிருந்து ரமணிசந்திரனை அள்ளி வந்து நான் படித்ததை. எனவே இந்த வகையை ஏளனம் செய்யும் தகுதி எனக்கில்லை. முகம் கொடுத்துப் பேசாத கதாநாயகன் கடைசியில் உருகப்போகிறான் என்று தெரிந்தே பக்கம் புரட்டிய வம்சம் நாங்கள்.

முதலில் பழசிலிருந்து தொடங்கினேன். ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' 1872-இலேயே புத்தகமாக வந்துவிட்டது. டிராகுலாவுக்கு 25 வருடம் மூத்தது. ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில் ஒரு கோட்டை வீடு, அதில் தோழிகளே இல்லாத லாரா என்ற பெண். வாசலருகே ஒரு வண்டி கவிழ்கிறது. மயங்கிக் கிடக்கும் பெண்ணை இங்கேயே தங்கவைக்கலாம் என்று அப்பாவிடம் கெஞ்சுவது லாராதான். அதாவது பேய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததே தனிமை. சின்னப் புத்தகம், ஆனால் கனமானது. கார்மில்லாவின் அன்பும் பசியும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று லாராவுக்குக் கடைசிவரை தெரியாது. நமக்கும் தெரியாது.

அடுத்து 2005-இல் வந்த ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்'. மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூர், அதில் பெல்லா. எட்வர்ட் பார்க்கப் பதினேழு வயதுப் பையன், பிறந்ததோ 1901-இல். மேயருக்குக் கதை சொல்லத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. நானே ஒரே ராத்திரியில் முக்கால் புத்தகம் முடித்தேன். ஆனால் எட்வர்ட், பெல்லாவுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அது தெரியவரும்போது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகவும் இருக்கிறது. ஸ்டோக்கரின் கிழட்டுப் பிசாசுக்குக்கூட இருந்த கட்டுப்பாடு இந்த அழகனுக்கு இல்லை!

இதை அமெரிக்க வியாதி என்று ஒதுக்கவும் முடியாது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னால் பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பாக அலைபவனுக்கு டூயட் வைத்துக் கொடுத்ததில் நம்ம ஊர் சினிமா யாருக்கும் சளைத்ததில்லை.

இப்போது ஓடுவது ரொமான்டஸி. காதலும் மாயாஜாலமும் சரிபாதி. ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) டிராகன் ஓட்டிகளைப் பயிற்றுவிக்கும் ஒரு போர்க் கல்லூரியில் நடக்கிறது. முதல் நாளே ஒடுக்கமான மதில்மேல் நடந்து கடக்க வேண்டும். விழுந்தால் சாவு. நாயகி வயலெட்டின் அம்மா தளபதி. காதலன் ஸேடனின் அப்பா கிளர்ச்சிக்காகக் கொல்லப்பட்டவர். காதல் பகுதி எனக்குப் பழைய ரசம்தான். டிராகன் பகுதி அப்படியில்லை. அங்கே தேர்ந்தெடுப்பது டிராகன், மனிதர் காத்து நிற்க வேண்டும். வயலெட்டுக்கும் டெர்னுக்கும் நடக்கும் பேச்சில் இருக்கிற மரியாதை காதல் காட்சிகளிலும் இருந்திருக்கலாம்.

சாரா ஜே. மாஸின் வரிசை இன்னும் சுவாரசியம். 2015-இல் வந்த முதல் புத்தகத்தில் டாம்லின்தான் நாயகன். ஃபேராவுக்காக நாமும் அவனை விரும்பிவிடுகிறோம். 2016-இல் வந்த இரண்டாவதில், உன் பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லி அவளை வீட்டுக்குள் வைத்து மந்திரத்தால் பூட்டிவிடுகிறான். அவள் மூச்சு முட்டிப்போகிறாள். தான் ஆசையாகக் கட்டிய நாயகனைத் தானே கலைத்துப் பார்க்க ஒரு ஜனரஞ்சக எழுத்தாளருக்குத் துணிச்சல் வேண்டும். (பெரியவர்களுக்கான பக்கங்கள் இதில் நிறைய. தங்கையிடம் சொல்லிவிட்டேன்.)

இந்தக் குவியலில் உச்சம் என்று நான் சொல்வது சுவீடன்காரரான யோன் ஐவிடே லிண்ட்க்விஸ்ட் 2004-இல் எழுதிய 'லெட் தி ரைட் ஒன் இன்'. தலைப்பே அழைப்பு பற்றியதுதான். 1981, ஸ்டாக்ஹோமின் புறநகர், பள்ளியில் அடிவாங்கும் பன்னிரண்டு வயது ஆஸ்கர். பக்கத்து வீட்டுக்கு வந்த ஏலி ஓர் இரத்தக்காட்டேரி. 'நான் கூப்பிடாவிட்டால் என்ன ஆகும்?' என்று ஆஸ்கர் சீண்டுகிறான். ஏலி அழைப்பில்லாமலே உள்ளே வந்து நிற்கிறது. உடம்பெல்லாம் இரத்தம் கசியத் தொடங்குகிறது. பதறிப்போய் 'வரலாம், வரலாம்' என்கிறான் பையன். கோரமான புத்தகம், பலவீனமான மனசுக்காரர்களுக்கு ஆகாது. ஆனால் அனுமதி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைவிடக் கூர்மையாகச் சொன்ன காட்சியை நான் படித்ததில்லை.

நம்மிடம் பழையனூர் நீலி இருக்கிறாள். பேயான நீலி கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன்' என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். வணிகன் இல்லையென்று கதறுகிறான். எழுபது வேளாளர்கள், உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் உயிரை விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீக்குளித்தார்கள். வாக்குத் தவறாத பெருமைக்காகச் சொல்லப்படும் கதை இது. எனக்கு அதில் கேட்பது, 'எனக்குப் பயமாயிருக்கு' என்று சொன்னவனின் பேச்சை எழுபது பேரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது.

ட்வைலைட் பற்றி மகளோடு பேசியபோது மேலே எழுதியதைத்தான் சொன்னேன். அவள் சிரித்தாள். "எட்வர்ட் நல்லவன் பெரியம்மா. அது புக்குலயே எழுதியிருக்கு." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "டியூஷன் வாசல்ல ஒருத்தன் நாலு மாசமா நிக்கிறான். ஒண்ணும் பேசல. ஃப்ரெண்ட்ஸ் ஸ்வீட்டுங்கிறாங்க. எனக்கு வயித்தக் கலக்குது. இவன் நல்லவன்னு யாரு எழுதி வச்சிருக்கா?" என்றாள்.

ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா டியூஷன நிறுத்திடுவாங்க. போனையும் புடுங்கிடுவாங்க."

பயந்தது சரியாகத்தான் இருந்தது. தங்கை முதலில் சொன்னதும் அதேதான், நாளையிலிருந்து டியூஷன் வேண்டாம் என்று. அன்று இரவு பதினோரு மணிவரை பேசினோம். தப்பு செய்தவன் தெருவில் நிற்க, பெண்ணை ஏன் உள்ளே பூட்டணும் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். டாம்லின் கதையையும் சொன்னேன், யார் எவர் என்றெல்லாம் விளக்காமல். மறுநாள் அவளும் மாப்பிள்ளையும் டியூஷன் வாசலுக்குப் போய் அந்தப் பையனிடம் பேசினார்கள். அவன் வீட்டிலும் பேசினார்கள். டியூஷன் தொடர்கிறது. போன் அவளிடமே இருக்கிறது.

காதல் கதைகள் பெண்களைக் கெடுக்கும் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல விருப்பம். கதையில் இவன் நல்லவன் என்று ஆசிரியர் ஜாமீன் கொடுக்கிறார். அந்த ஜாமீனை நம்பித்தான் நாம் பயத்தைக்கூட ரசிக்கிறோம். தெருவில் அந்த ஜாமீன் கிடையாது என்பது படிக்கிற பெண்ணுக்கு, நாம் நினைப்பதைவிட நன்றாகவே தெரிகிறது. அதை வீட்டில் சொல்ல அவளுக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 'கார்மில்லா'வை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். லிண்ட்க்விஸ்டுக்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும்.