அக்காவின் லேப்டாப்பும் கம்பெனிக் கம்ப்யூட்டரும்

அக்கா பிளஸ் டூ படிக்கையில் கவர்மெண்டு லேப்டாப் கொடுத்தார்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. எங்கள் வேலம்பாளையத்தில் அப்போது கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பொழுதோட கரண்டு நின்றால், தெருவில் பனியன் தைக்கிற பவர்டேபிள்களின் இரைச்சலும் சேர்ந்து நின்று, அனுப்பர்பாளையத்துப் பக்கம் பாத்திரம் தட்டுகிற ஓசை மட்டும் தனியாகக் கேட்கும். பிசிறு வெட்ட அம்மா எடுத்து வந்திருந்த பனியன் பண்டல்களின் புதுத்துணி வாசம் திண்ணையெல்லாம் பரவியிருக்க, ஒரு பண்டலில் சாய்ந்துகொண்டு அக்கா லேப்டாப்பைத் திறப்பாள். அந்த வெளிச்சத்துக்கே கத்தரியோடு அம்மாவும் நகர்ந்து வருவாள்.

பொத்தானை அழுத்தியதும் ஒரு பட்டியல் வரும். விண்டோஸ் ஒன்று, பாஸ் லினக்ஸ் ஒன்று. நொடிகள் குறைந்துகொண்டே போகும். அதற்குள் அம்புக்குறியை நகர்த்தி எதற்குள் போவதென்று சொல்லியாக வேண்டும். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, எப்போதும் பாஸ்தான். சென்னை சி-டாக் நிறுவனத்தில், டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து அதைச் செய்தார்கள் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. மெனுவைத் தமிழுக்கு மாற்றிக் காட்டிய அன்று, அம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஏங்கண்ணு, இதை நம்ம ஆளுகதான் செஞ்சாங்களா?"

"மெட்ராசுல செஞ்சதும்மா" என்றாள் அக்கா, தானே செய்த மாதிரி.

அப்புறம் ஒரு பழைய கம்ப்யூட்டரும் வீட்டுக்கு வந்தது. அப்பா செக்கிங் பார்த்த கம்பெனியில் புதுசு வாங்கியதால் ஒதுக்கிய பெண்டியம் 4. ராம் 512 எம்பி. மூடியைக் கழற்றினால் விசிறி இறக்கைகளில் பனியன் பஞ்சு அப்பிக் கிடந்தது. அதிலிருந்த எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலோடு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. அடுத்த தெருவில் பிரிண்டிங் பட்டறைக்கு டிசைன் போடும் அண்ணன் ஒருவர், பை நிறைய லினக்ஸ் சிடிக்களோடு வந்தார்.

"மொதல்ல மிசின் எவ்வளவு தாங்கும்னு பார்க்கோணும். எது அழகா இருக்குன்னு அப்பறம் பாத்துக்கலாம்" என்பார்.

எதையும் பதியாமல், சிடியிலிருந்தே ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். உபுண்டு திறந்து முடிப்பதற்குள் அம்மா போட்ட டீ ஆறிப்போனது. பப்பி லினக்ஸ் மொத்தமாக ராமுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டதால் சிடியை வெளியே எடுத்தபிறகும் ஓடியது. நான் வாய் பிளந்து பார்த்தேன். ஆனால் அக்காவுக்கு உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியம் முழுசும் வேண்டும். கடைசியில் லுபுண்டு 14.04 நிலைத்தது, உடம்பு இலேசு, 3 வருடம் அப்டேட் உண்டு. ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து 'ஹோம்' பகுதியைத் தனியே வைத்தார். மேலே எந்த லினக்ஸை மாற்றினாலும் அக்காவின் நோட்சும், டக்ஸ் பெயிண்டில் நான் வரைந்து குவித்த ஆடு மாடுகளும் பத்திரமாக இருக்கும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தையல் மிசினுக்கு எண்ணெய் விடுவது போல, அக்கா இரண்டு கம்ப்யூட்டருக்கும் அப்டேட் போடுவாள். டேட்டா கார்டைச் செருகி, 'சுடோ ஆப்ட்-கெட் அப்டேட்' என்று தட்டினால் வரிகள் மளமளவென்று ஓடும். மிசின் எண்ணெய் வாசம், அடுப்பில் கொதிக்கும் கறிக்குழம்பு வாசம், ஓடுகிற எழுத்துகள், எல்லாம் சேர்ந்ததுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. லுபுண்டுவின் அப்டேட் கெடு முடியும் முன்பே அண்ணன் வந்து 16.04-க்கு மாற்றிவிட்டார். ஆடு மாடுகள் அப்படியே இருந்தன.

2025-இல் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் மிசின்களுக்கு இன்ஸ்டாலர் தருவதையே விட்டுவிட்டது. அந்தப் பெண்டியமும் எப்போதோ ஓய்ந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது எந்த லினக்ஸ் போடலாம் என்று கேட்டால், மிசினின் ராம் எவ்வளவு, அப்டேட் எத்தனை வருடத்துக்கு வரும், வாராவாரம் வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மூன்றையும் கேட்ட பிறகே பெயரைச் சொல்கிறேன். பார்த்துக்கொள்ள ஆளிருக்கிற வீட்டில் எந்த மிசினும் சீக்கிரம் குப்பைக்குப் போவதில்லை.