கடைசி வரிசைக்கும் ஒரு மைக்

காமர்ஸ் படித்தவன் எங்கேயாவது உருப்பட்டான் என்று கேள்விப்பட்டால் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். ஃபில் டானஹ்யூ கிட்டத்தட்ட நம்ம இனம். 1957-ல் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் முடித்தார். கணக்கு எழுதப் போகவில்லை. ரேடியோவில் வாய் வித்தை காட்டப் போனார். பிழைத்தார்!

1967 நவம்பர் 6. ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்கிற ஊர். அங்கே ஒரு லோக்கல் சேனலில் பகல் நேர நிகழ்ச்சி ஆரம்பிக்கிறார். ஹாலிவுட் நட்சத்திரம் எதுவும் டேட்டன் பக்கம் தலைவைத்துப் படுக்காது. என்ன செய்வது? ஒரே ஒரு விருந்தாளி, ஒரே ஒரு விஷயம், முழு நிகழ்ச்சியும் அதுதான். முதல் நாள் வந்தவர் மடலின் மர்ரே ஓஹேர். கடவுள் இல்லை என்று அமெரிக்காவில் உரக்கச் சொன்ன அம்மாள். பகல் சமையல் நேரத்தில் இது!

இன்னொரு வேடிக்கை. முன்பு அதே நேரத்தில் வந்துகொண்டிருந்த ஆட்டம் பாட்டு நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியிருந்தவர்கள் ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார்கள். போகச் சொல்ல மனமில்லாமல் உட்கார வைத்தார்கள். விளம்பர இடைவேளையில் அவர்கள் கேட்ட கேள்விகள் டானஹ்யூ கேட்டதைவிட நன்றாக இருந்தன. மனுஷர் மைக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார்.

இதில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வீட்டில் இருக்கும் பெண்களுக்கு அழுகை சீரியலும் பரிசுப் போட்டியும் போதும் என்று டி.வி.க்காரர்கள் நினைத்திருந்த காலம். இவர் அவர்களிடம் கருக்கலைப்பு, அணு ஆயுதம் என்று பேசினார். 1982-லேயே எய்ட்ஸ் பற்றிப் பேசினார். 'உங்களுக்கென்ன புரியும்' என்கிற பார்வை மட்டும் இல்லை. நான் வேலை பார்த்த ஒரு ஆபீஸில் மாசாமாசம் மீட்டிங். 'யார் வேணா கேள்வி கேக்கலாம்' என்பார் மேனேஜர். மைக் மூன்றாவது வரிசையைத் தாண்டியதே கிடையாது. நாலாவது வரிசையில் நான்.

1970-ல் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போனது. 1974-ல் சிகாகோ, 1985-ல் நியூயார்க். நடுவில், 1977-ல் விருந்தாளியாக வந்த நடிகை மார்லோ தாமஸை 1980-ல் கல்யாணமே செய்துகொண்டார். பேட்டிக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு போல!

சறுக்கலும் இருந்தது. 1988-ல் ஒருநாள் ஸ்கர்ட் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கவர்ச்சிக்கு இறங்கிவிட்டார் என்றார்கள், எனக்கும் ரசிக்கவில்லை. 1984-ல் சிகாகோவிலேயே ஆரம்பித்த ஓப்ரா வின்ஃப்ரே அவரை முந்திக்கொண்டு போனார். அப்புறம் சண்டை மூட்டிவிட்டு வேடிக்கை பார்க்கும் நிகழ்ச்சிகள். 1996-ல் இவர் கடையைக் கட்டினார்.

2002-ல் எம்.எஸ்.என்.பி.சி. சேனலுக்கு மறுபடி வந்தார். இராக் யுத்தம் வேண்டாம் என்று பேசுகிறவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். சேனலில் அப்போது அதிகம் பேர் பார்த்தது இவரைத்தான். இருந்தும் 2003 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். யுத்த நேரத்தில் இந்த முகம் நமக்குச் சங்கடம் என்று உள்ளுக்குள் எழுதிக்கொண்ட குறிப்பு பிற்பாடு வெளியே கசிந்தது. அடுத்த மாதம் யுத்தம் ஆரம்பித்தது.

2024 மே மாதம் ஜனாதிபதி பைடன் அவருக்குச் சுதந்திரப் பதக்கம் போட்டார். ஆகஸ்ட் 18-ம் தேதி, 88 வயதில், போய்ச் சேர்ந்தார். அந்தப் பழைய டேப்புகளை இப்போது ராத்திரியில் உட்கார்ந்து பார்க்கிறேன். நரைத்த தலையோடு படிகளில் தாவி ஏறுகிறார். கேள்வி கேட்கும் அம்மாளுக்கு வார்த்தை தடுமாறுகிறது. மனுஷர் மைக்கை எடுக்காமல் அப்படியே நிற்கிறார்.