85 லீற்றர் கடல்

2022 மார்ச் 31, இலங்கையின் பொருளாதார நெருக்கடிக் காலம். முந்தின நாள் 10 மணித்தியாலம் கறண்ட் இல்லை, அன்றைக்கு 13. ஊர்களை ஆங்கில எழுத்துகளாகப் பிரித்து, எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று ஒரு பட்டியல் கைபேசிக்கு வரும். அதைத் திறந்து பார்க்கக் கைபேசியில் சார்ஜ் இருக்காது. மண்டூரில் எங்கள் வீட்டு முன் அறையில், குப்பி விளக்கை ஸ்டூலில் வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மோட்டர் செய்கிற வேலையைக் கையால் செய்வது அப்படித்தான்.

"என்ன மனே, இருட்டுக்குள்ள கிடந்து கலக்குறாய்?" என்றா அம்மா. அவவுக்குக் காது மந்தம். பதிலைக் கத்திச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் வரிசையில் ஊரே நிற்கிற நாளில், மீனுக்கு மூச்சு முட்டுகிறது என்று அடுத்த வீட்டுக்கும் கேட்கக் கத்த எனக்கு வாய் வரவில்லை.

தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கல்லும் மணலும் போக 85 லீற்றர் பிடிக்கும். 2019இல் கல்முனைப் பக்கம் ஒருவர் கட்டாருக்குப் போகும்போது, கல், மணல், மோட்டர், இரண்டு கோமாளி மீன், ஒரு கடற்சாமந்தி எல்லாவற்றோடும் கைமாற்றிவிட்டார். பிறகு நான் சேர்த்தது ஒரு நீலக் குட்டி மீனும், சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு இறாலும், ஊரிக்கூட்டுக்குள் குடியிருக்கிற நாலு சிறு நண்டும். அடுத்த வருடம் கொரோனா ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத விஞ்ஞான வாத்தியாருக்கு வேறென்ன வேலை? நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால்தான்.

வாவிக் கரையில் பிறந்தவனுக்கு உப்புத் தண்ணீர் பற்றி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை என்று எனக்கொரு திமிர் இருந்தது. உண்மையில் எங்கள் மட்டக்களப்பு வாவி ஒரே தண்ணீர் அல்ல. மாரியில் வெள்ளம் இறங்கி அது கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். கோடையில் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடல் ஏறி உப்புக் கரிக்கும். முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தால் வயல்காரர் வெட்டச் சொல்வார்கள், மீன்காரர் பொறுக்கச் சொல்வார்கள். அந்தச் சண்டைக்கு என் வயதைவிட வயது கூட. வாவியின் மீனும் இறாலும் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகின உடம்பு. பவளப் பாரில் பிறந்த கோமாளி மீன் அப்படியில்லை. சுற்றியிருக்கிற தண்ணீர் அதன் இரத்தத்தைவிட உப்பு. உடம்பிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் கடலுக்குள் கிடந்துகொண்டே அது ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. வெயிலுக்குத் தொட்டி வற்றினால் உப்புப் போகாது, நீர்தான் போகும். குறைந்த அளவுக்குக் கிணற்று நீரைத்தான் விட வேண்டும். இது தெரியாமல் முதல் மாதம் கடல் தண்ணீரையே விட்டு, மானியில் 1.025 நிற்க வேண்டிய உப்பை 1.030க்கு ஏற்றியிருக்கிறேன். திமிர் அன்றைக்கே பாதி இறங்கிவிட்டது.

கடல் தண்ணீர் எடுப்பது ஒரு பயணம். மண்டூர்த் துறையில் பாதையில் ஏறிக் குருமன்வெளிக்குப் போய், களுவாஞ்சிகுடி தாண்டிக் கடற்கரை. (ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கம் 'பாதை' என்றுதான் பெயர். தெரியாமல் வந்தவர்கள் பாதை எங்கே என்று கேட்டுத் தண்ணீரைப் பார்த்து முழிப்பார்கள்.) இருபது லீற்றர்க் கான் இரண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி, துணியால் வடித்து, இருட்டில் நாலு நாள் வைத்துத்தான் தொட்டிக்கு விடுவேன். மார்கழியில் கடல் கலங்கி அடிக்கிறபோது வெளிநாட்டு உப்புப் பொடியைக் கரைத்துச் சமாளிப்பேன். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா. மே மாதம் 360. அந்தப் பொடி விற்ற கடைக்காரர், "சேர், இனி அதை மறந்துடுங்க" என்றார்.

அன்றிரவு பதினொரு மணிக்குப் பிறகு என் கை விட்டுப்போயிற்று. வெயில் குடித்த வீடு. தண்ணீர் 31 பாகை. சூடான தண்ணீரில் உயிர்வாயு குறைவாகத்தான் கரையும், உப்புத் தண்ணீரில் அதைவிடக் குறைவு. மீன்கள் மேற்பரப்பில் வாய் வைத்து நின்றன. "ஒரு மணித்தியாலம் படுங்க, நான் ஊத்துறன்" என்றாள் மனைவி. அவள் ஊற்றினாள்தான். அவளும் காலையிலிருந்து விறகடுப்போடு மல்லுக்கட்டினவள், கதிரையிலேயே தூங்கிவிட்டாள்.

விடிய எழும்பும்போது மணம்தான் முதலில் வந்தது. கடற்சாமந்தி உருகிச் சளிபோலக் கல்லில் வழிந்து கிடந்தது. அது ஒன்று செத்தால் தொட்டி முழுக்க நஞ்சு. கோமாளி இரண்டும் அதற்குள்ளேயே கிடந்தன. நீலக் குட்டி மோட்டருக்குப் பின்னால். இறால் வெறும் கோதுபோல வெளுத்திருந்தது. கறண்ட் வந்ததும் மோட்டர் ஓடத் தொடங்கிற்று. அது ஓடிய சத்தத்தைப்போல எரிச்சல் தந்த சத்தம் எனக்கு வேறில்லை. கைபேசியில் சார்ஜ் ஏறிய பிறகுதான், இரவு மிரிஹானவில் ஜனாதிபதி வீட்டுக்கு முன்னால் சனம் திரண்ட செய்தி தெரிந்தது. நாடு புரண்டுகொண்டிருந்தது. நான் மீன்களை ஒரு பத்திரிகைத் தாளில் சுற்றி முருங்கைக்குக் கீழே தாட்டேன். மகள் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் தாட்டேன்.

பெற்றோல் வரிசையில் நின்றே ஆட்கள் செத்த காலம் அது. மீன் செத்த துக்கத்தை யாரிடம் சொல்வது? பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர் ஒருவர், "என்ன, முகம் வாடிக் கிடக்கு?" என்று கேட்டதற்குத் தலையிடி என்று சொன்னேன்.

துக்கத்தை மறைக்க நினைத்தவன் கையை வைத்துக்கொண்டு சும்மாவாவது இருந்திருக்கலாம். அன்று பின்னேரமே வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து பிழிந்து கழுவினேன். முழுத் தண்ணீரையும் இறைத்து மாற்றினேன். கல்லைத் தேய்த்தேன். மணலைக் கிளறினேன். மீன் கழிவில் வருகிற அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியா குடியிருப்பது அந்தப் பஞ்சிலும் கல்லிலும்தான். உயர்தர வகுப்புக்கு நைதரசன் வட்டம் படிப்பிக்கிற ஆள் நான். காற்றில்லாமல் பாதி செத்துப் போயிருந்த பற்றீரியாவில், மிஞ்சியதைக் குளோரின் தண்ணீரால் நானே கழுவிக் கொன்றேன்.

இதே பிழையை நான் முன்பும் ஒருமுறை செய்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லாற்றில் பெரியம்மா வீட்டுக் கிணற்றை இறைக்கப் போனோம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கின மணல்நிலம். கடல் மேலால் ஏறிப் போனதில் கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பு. மோட்டர் வைத்து இறைத்தோம். ஊற்று வந்தது, அதுவும் உப்பு. மறுபடி இறைத்தோம், இன்னும் உப்பு. அந்த மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. மேலே உள்ளதை உறிஞ்ச உறிஞ்ச அடியில் கிடக்கிற கடல் ஏறி வரும். பிறகு வந்து சோதித்தவர்கள், இறைப்பை நிறுத்துங்கள், மாரி மழை கழுவட்டும் என்றார்கள். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவேயில்லை. "கிணத்த அப்படியே விட்டுட்டு இருக்கிறதோ? ஆக்கள் என்ன சொல்லுவாங்க!" ஊத்தையைப் பார்த்துக்கொண்டு இருக்க எங்கள் ஆட்களால் முடியாது. அடுத்தடுத்த மாரிகளில் கிணறு மெல்லத் தெளிந்தது.

தொட்டியை அப்படியே விட்டது 2022 ஜூன் மாதத்தில்தான். மனம் மாறி விட்டதல்ல, வழியில்லாமல் விட்டது. எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்கள் மூடிய வாரங்கள். பெற்றோல் லீற்றர் 470 ரூபா. நான் சைக்கிளில் போய் ஒரு தடவைக்கு ஒரு கான் என்று மூன்று நாள் தண்ணீர் எடுத்தேன். பற்றீரியா வளர அதற்குச் சாப்பாடு வேண்டும். மீன் இல்லாத தொட்டியில் அமோனியா எங்கிருந்து வரும்? ஒரு பச்சை இறாலைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டேன், அழுகட்டும் என்று.

மனைவி அதைக் கண்டுபிடித்தாள். "இஞ்சருங்க, இறால் என்ன விலை விக்குது தெரியுமா? சட்டிக்கு ஒண்டுமில்ல, கண்ணாடிப் பெட்டிக்கு இறால்!" நியாயம்தான். அடுத்த கிழமை அவளே இறால் தலைகளைக் கழுவி எடுத்து வைத்து, "இது காணாதா?" என்று கேட்டாள். காணும். தலையும் அழுகத்தானே செய்யும்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. எழுத ஒன்றும் இல்லாத வாரங்கள் அவை. அமோனியாச் சோதனைத் துளி விட்டால் பச்சை, பச்சை, பச்சை: இன்னும் அமோனியா இருக்கிறது. ஒரு நாள் மஞ்சள் கலந்த பச்சை. மணலில் கபிலப் பாசி படர்ந்தது. துடைக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போனார். ஓகஸ்ட்டில் கியூஆர் எரிபொருள் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் கிடைத்தது. அதே மாதம் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது. துறையில் இயந்திரத் தோணிகள் கவிழ்த்தபடி கிடந்தன. கபிலப் பாசி உதிர்ந்து பச்சைப் பாசி வந்தது. துளி மஞ்சளாகவே நின்றது. செத்ததென்று நான் எண்ணியிருந்த நண்டுகளில் ஒன்று, கல்லுக்கு அடியிலிருந்து ஊரிக்கூட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்து பாசி மேய்ந்தது. மகள்தான் முதலில் கண்டாள்.

கந்தசாமி கோயில் ஆவணித் தீர்த்தத்துக்கு வாவியின் அந்தப் பக்கமான எழுவான்கரையிலிருந்து சொந்தங்கள் பாதை ஏறி வந்திருந்தார்கள். எல்லோரும் போய் அடங்கின இரவு. கறண்ட் வெட்டு வேறு. மோட்டர் இல்லாத அமைதியில் முன் அறையில் 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி வெடித்துவிட்டது என்று ஓடினேன். நிலம் காய்ந்திருந்தது. மறுபடி 'டக்'. கல்லுக்குள்ளிருந்து.

விரல் நீளம்கூட இல்லாத ஒரு இறால் வகை. ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதைப் பட்டென்று மூடினால் தண்ணீரில் ஒரு குமிழ் உண்டாகி உடைகிற சத்தம் அது. கல்லோடு கல்முனையிலிருந்து வந்திருக்க வேண்டும். மூன்று வருடம் மோட்டர் இரைச்சலில் நான் கேட்டதேயில்லை. நான் தேய்த்த தேய்ப்புக்கும் கழுவின கழுவலுக்கும் எந்தப் பொந்துக்குள் இருந்ததோ.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். விளங்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் இருத்தினேன். தலையை ஆட்டினா, ஒன்றும் கேட்கவில்லை என்று. பிறகு என்ன நினைத்தாவோ, குசினிக்குள் போய் நீளக் காம்பு அகப்பையை எடுத்து வந்தா. சிரட்டைப் பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டு, காம்பின் நுனியைக் காதுக்குப் பின்னால் எலும்போடு அழுத்திக்கொண்டா. பூரணை இரவுகளில் அப்பா தோணியில் துடுப்பை வாவிக்குள் இறக்கி மறுநுனியில் காது வைத்துப் பாடும் மீன் சத்தம் கேட்பது அப்படித்தான். கலியாணம் முடித்த புதிதில் அம்மாவும் கூடப் போயிருக்கிறா.

கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தா.

"ஊரி கத்துது மனே," என்றா. "உள்ளுக்க எத்தனை விட்டிருக்காய்?"