கோரம் சேரும்வரை

கூடலூர் வட்டம். முதுமலைக் காட்டை ஒட்டிய ஒரு பணியர் குடியிருப்பு. அங்கன்வாடி முற்றத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். வருவாய்த்துறை அலுவலர், வனவர், ஊராட்சிச் செயலர் மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான்காவதை எனக்குக் காட்டினார்கள். நான் கிழவிகளோடு திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன்.

வன உரிமைக் கிராமசபை பத்தரை மணிக்கு என்று அறிவிப்பு. பதினொன்றரை தாண்டிவிட்டது. ஆண்கள் ஓரளவு வந்திருக்கிறார்கள். பெண்களில் பலர் எஸ்டேட்டில் இலை பறிக்கப் போயிருக்கிறார்கள். மதிய எடை போட்ட பிறகுதான் வர முடியும்.

“தீர்மானம் எழுதியே கொண்டுவந்துட்டோம். இருக்கிறவங்க கையெழுத்துப் போடுங்க, மத்தவங்ககிட்ட சாயங்காலம் வாங்கிக்கலாம்” என்கிறார் செயலர். குரலில் அதட்டல் இல்லை. அவருக்கு இன்னொரு ஊர் பாக்கி இருக்கிறது.

வன உரிமைக் குழுத் தலைவிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மடியில் குழந்தை தூங்குகிறது. “இல்ல சாரே. ஊர்ல பாதிப் பேர் வரணும். வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள் இருக்கணும். அதுதான் கோரம். அது வந்தாத்தான் சபை.”

அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வனவரைப் பார்க்கிறார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார். தாலுகா அலுவலக வாசலில் தலைமுறைகளாகக் காத்துக்கிடந்த சனம் இது. இன்று அவர்களுக்காக அரசாங்கம் காத்திருக்கிறது. சட்டம் உயிரோடு இருப்பதை நான் கண்ணால் பார்த்த நேரம் அதுதான்.

காத்திருக்கும் நேரத்தில் பலாமரத்தடியில் இன்னொரு வேலை நடக்கிறது. சுகாதாரப் பணியாளரான பெண் பையைத் திறந்து ரத்த அழுத்தம் பார்க்கிறாள். அவளும் ஆதிவாசிதான். எல்லாரும் வெட்கப்படாமல் கையை நீட்டுகிறார்கள். 1990 முதல் கூடலூரில் ஆதிவாசிகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. அங்கே செவிலியராக நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த ஊர்களின் பெண்பிள்ளைகள். ஊசி போடுகிறவள் தன் அக்கா மகளாக இருந்தால் பயம் எங்கிருந்து வரும்?

வரிசையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன். வெயில் அடித்தும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறான். கண்ணில் லேசான மஞ்சள். அரிவாள் செல் சோகை. இந்த மலையில் பணியர், குறும்பர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் நோய். ரத்தச் சிவப்பணு வளைந்துபோய்ச் சிறு குழாய்களை அடைத்துவிடும். குளிர் தாக்கினாலோ, உடம்பில் நீர் வற்றினாலோ, காய்ச்சல் வந்தாலோ எலும்புக்குள் வலி பிடுங்கும். “மாத்திரை போட்டியா? தண்ணி நல்லாக் குடிக்கிறியா?” அவன் தலையசைக்கிறான். 2047க்குள் இந்த நோயை ஒழிப்பது என்று மத்திய அரசு 2023இல் ஓர் இயக்கம் தொடங்கியது. 17 மாநிலங்களில் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் திட்டம். இவனிடமும் அட்டை இருக்கிறது.

அம்மா சொல்கிறாள்: போன மழையில் ராத்திரி வலி வந்தது. போன் போட்டதும் ஆம்புலன்ஸ் வந்தது, தார் ரோட்டில் நின்றுவிட்டது. அதற்கு மேல் வனத்துறை நிலம், மண்பாதை, சேறு. நாலு பேர் கம்பளியில் கட்டித் தூக்கிப் போனார்கள். வழியில் யானை. மறைந்து நின்றுவிட்டுப் போனார்கள்.

மாத்திரை இருக்கிறது, அட்டை இருக்கிறது, மருத்துவமனையும் இருக்கிறது. போக வழி இல்லை.

ஒரு மணிக்கு மேல் பெண்கள் வருகிறார்கள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை. தலைவி விரலால் சுட்டி எண்ணுகிறாள். செயலரும் எண்ணுகிறார். கோரம் சேர்ந்துவிட்டது.

நில மனுக்கள் முதலில். என் பக்கத்திலிருந்த கிழவி எழுந்து போகிறாள். “எந்த வருஷத்துல இருந்து இங்க இருக்கீங்கம்மா?” என்கிறார் அலுவலர். வருஷம் அவளுக்குத் தெரியாது. கையை நீட்டுகிறாள். மூங்கில் புதருக்குப் பின்னால் அவள் அம்மாவைப் புதைத்த இடம், அதற்கும் அப்பால் அம்மாவின் அம்மா. காகிதம் இல்லாதவர்களுக்கு இடுகாடும் கிணறும் சாமிமரமும் சாட்சி என்று 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. வனவர் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்துபோய் அளந்துவருகிறார். செயலர் எழுதிக்கொள்கிறார்.

செயலர் தீர்மானத்தை வாசித்து முடித்ததும், “ரோட்டையும் எழுதுங்க” என்கிறாள் தலைவி.

“இது காடும்மா. இங்க ரோடு போட முடியாது” என்கிறார் வனவர்.

அவள் பாலித்தீன் உறையிலிருந்து மடித்த தாள்களை எடுக்கிறாள். அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு. பள்ளிக்கூடம், மருந்தகம், சாலை போன்றவற்றுக்கு, கிராமசபை பரிந்துரைத்தால், ஓரிடத்துக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. வனவர் இரண்டு முறை படிக்கிறார். நேர்மையான மனிதர். “சபை எழுதிக் கொடுங்க. டி.எஃப்.ஓ.வுக்கு அனுப்புறேன்” என்கிறார். பையனின் அம்மாதான் முதலில் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தினாள்.

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. அதனால் 1996இல் வந்த பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துச் சட்டம் இங்கே செல்லாது. இந்த மக்களுக்கென்று சுயாட்சி ஏதாவது இருக்குமானால் அது இந்த முற்றத்துச் சபைதான். அதற்கும் தடை வந்தது. தன் உத்தரவின்றி உரிமைப் பட்டா கொடுக்கக் கூடாது என்று 2008இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. அந்த எட்டு வருஷங்களில் திண்ணைக் கிழவிகள் எத்தனை பேர் பட்டாவைப் பார்க்காமலே போனார்களோ!

இனி இந்த மனுக்கள் உட்கோட்டக் குழுவுக்கும் மாவட்டக் குழுவுக்கும் போகும். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். உட்கோட்டக் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய மனு கொடுத்தவர்களுக்கு 60 நாள் உண்டு. குழுவில் இருக்கும் அதிகாரி ஐயா, கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, அதை அனுப்பியது ஒரு சபை என்பதை மறவாமல் பதில் எழுதுங்கள். அடுத்த மழைக்கு முன் எழுதுங்கள்.